நாவு தடுமாறினால் அறிவு தடுமாறியதாகுமா?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் விறாந்தையில் இருந்தேன். எமது சோனகர் தெருப் பகுதிச் சகோதரர் ஒருவர் தண்ணீர்ப் போத்தலுடன் வந்தார். "மௌலவி, இதில ஓதி ஊதித் தாங்கோ. வீட்டில இவவுக்குத்தான்" என்றார். என்ன வருத்தம் என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றும் என் மனதில் நிற்கிறது.

"யாஸீன் சூறாவைப் பாராமலே ஓதுறா மௌலவி. ஒரு எழுத்துப் பிசகு இல்லை. ஆனா குசினியில நிண்டுகொண்டு திருவலையை எடுத்துத் தாங்கோ எண்டு சொல்ல வாய் வருதில்லை. அந்த... அந்தத் தேங்காய்... எண்டு சொல்லிக்கொண்டே நிப்பா. ஓத முடியிறவவுக்குப் பேச ஏன் முடியாது? நடிக்கிறாவோ, ஜின்னின்ர வேலையோ எண்டு எங்களுக்கு விளங்கேல்லை."

அந்தச் சகோதரிக்கு அப்போது முப்பது வயதைச் சற்றுத் தாண்டியிருந்தது. இரண்டு பிள்ளைகளின் உம்மா. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கைக்குழந்தையாக உம்மாவின் இடுப்பில் புத்தளம் போனவர். 2009 இல் யுத்தம் முடிந்தபின் கணவருடன் ஊர் திரும்பியவர். இந்தக் குடும்பத்தாரின் அனுமதியுடன்தான் இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டும் எதையும் எழுதவில்லை.

போத்தலில் ஓதிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "முன்பு வேறு ஏதாவது வருத்தம் வந்ததா?" என்று கேட்டேன். மூத்த பிள்ளை பிறந்து இரண்டு மாதத்தில் ஒரு கண் மங்கியதாம். சில வாரங்களில் தானாகச் சரியாகிவிட்டதாம். பிறகொரு முறை இடது கால் மரத்துப்போய் நடை இடறியதாம், அதுவும் மாறிவிட்டதாம். ஒரு சிகிச்சை நிலையத்தில் காட்டியபோது, "மனக்கவலை, வேறொன்றுமில்லை" என்று நித்திரைக் குளிசை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கண், கால், இப்போது பேச்சு. மூன்றையும் ஒன்றாக வைத்து யாருமே பார்க்கவில்லை. "நாளைக்கே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். இந்த மூன்றையும் வரிசையாகச் சொல்லி, நரம்பியல் வைத்தியரிடம் அனுப்பும்படி கேளுங்கள்" என்றேன். பரிசோதனைகள் முடிந்தபின் தெரியவந்த நோயின் பெயர், மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள்.

இது என்ன நோய்?

மின்சாரக் கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எமது மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் ஓடுகின்ற நரம்பிழைகளுக்கும் அப்படியோர் உறை உண்டு. அதற்கு மயலின் என்று பெயர். நோய்க் கிருமிகளை எதிர்ப்பதற்கென்று அல்லாஹ் எமது உடலில் ஒரு காவற்படையை வைத்திருக்கிறான். எம்.எஸ். நோயில் அந்தக் காவற்படையே இந்த உறையைப் பகையென்று எண்ணித் தாக்குகிறது. உறை கிழிந்த இடத்தில் செய்தி மெதுவாகப் போகும். சில வேளை போகாமலே நிற்கும். தாக்கப்பட்ட இடம் கண் நரம்பானால் பார்வை மங்கும். கால் நரம்பின் பாதையானால் கால் மரக்கும். ஆகையால்தான் இந்நோய் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு முகத்துடன் வருகிறது. வந்து, தணிந்து, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் வருவதும் இதன் இயல்பு.

உலகில் ஏறக்குறைய 29 இலட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023 ஆம் ஆண்டின் கணக்குச் சொல்கிறது. பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. குளிர் நாடுகளில் அதிகம். எம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் குறைவு. குறைவு என்பதாலேயே இங்கு இதைக் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. கண் நரம்பையும் முள்ளந்தண்டு வடத்தையும் தாக்குகின்ற, இதைப் போலவே தோன்றும் வேறு நோயும் உண்டு. அதற்கு மருந்து வேறு. ஆகவே பக்கத்து வீட்டார் சொல்வதை வைத்து முடிவுகட்டாமல் நரம்பியல் வைத்தியரிடம் காட்டுவது அவசியம்.

செய்வினை, கண்ணூறு, மாமியாரின் சாபம் என்றெல்லாம் பேசிக்கொள்ளும் சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பதிவுகளை ஆராய்ந்து 2022 இல் ஓர் ஆய்வு வெளியானது. எப்ஸ்டீன்-பார் என்னும் வைரஸ் தொற்றியவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு முப்பது மடங்குக்கு மேல் கூடுகிறது என்று அது காட்டியது. அந்த வைரஸ் உலகில் அநேகமாக எல்லோருக்கும் தொற்றுகிறது. அவர்களில் மிகச் சிலருக்கே எம்.எஸ். வருகிறது. ஆதலால் வேறு காரணங்களும் சேரவேண்டும் என்கிறார்கள். எம்.எஸ். நோய் ஒருவரைத் தொட்டு மற்றவருக்கு வருவதில்லை. நோயாளியின் பாத்திரத்தை ஒதுக்கி வைப்பது அறியாமை.

பேச்சில் என்ன நடக்கிறது?

பாரிஸ் நகரின் சால்பெத்ரியே வைத்தியசாலையில் இருந்த ஷார்கோ என்னும் வைத்தியர் 1868 இல் இந்நோயைத் தெளிவாக விவரித்தார். நோயாளிகள் ஒவ்வோர் அசையையும் அளந்து அளந்து, இடைவெளி விட்டுப் பேசுவதை அவர் குறித்து வைத்தார். அவர்களுடைய ஞாபகம் தளர்வதையும், எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் கவனித்தார். ஆனால் அவருக்குப் பின் நூறாண்டு காலம் வைத்திய உலகம் கை, கால், கண் ஆகியவற்றையே பெரிதாகப் பார்த்தது. சிந்தனையும் சொல்லும் படும் பாட்டைக் கடந்த நூற்றாண்டின் இறுதியில்தான் முறையாக ஆராயத் தொடங்கினார்கள். 1991 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சோதிக்கப்பட்ட நோயாளிகளில் 43 சதவீதமானோருக்கு ஞாபகம், கவனம், சிந்தனை வேகம் ஆகியவற்றில் ஏதாவது குறை காணப்பட்டது.

பேச்சில் வரும் தொல்லை இரண்டு வகை. முதலாவது, நாக்கு, உதடு, தொண்டை, மூச்சு ஆகியவற்றை இயக்கும் தசைகளின் தளர்ச்சி. சொல் மனதில் இருக்கும். வெளியே வரும்போது குழறும், இழுபடும், குரல் தாழும். நோயாளிகளில் பத்துக்கு நான்கைந்து பேருக்கு இது ஏதாவதொரு காலத்தில் வரலாம்.

இரண்டாவது, சொல் கைக்கு எட்டாமல் போவது. எமக்கும் சில வேளை ஒருவரின் பெயர் நாக்கு நுனியில் நின்று வெளியே வராமல் அடம்பிடிக்கும் அல்லவா? அது அவர்களுக்கு நாளில் பல முறை நடக்கிறது. பொருளின் உருவம் தெரிகிறது, அதனால் என்ன செய்வது என்று தெரிகிறது, பெயர் மாத்திரம் வருவதில்லை. வைத்தியர்கள் இதைச் சோதிப்பதற்கு, "ஒரு நிமிடத்துக்குள் 'ப' வில் தொடங்கும் சொற்களைச் சொல்லுங்கள்", "மிருகங்களின் பெயர்களைச் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். எம்.எஸ். நோயாளிகள் பலர் இதில் மற்றவர்களைவிடக் குறைவான சொற்களையே சொல்வர். பாரிசவாதத்தில் சிலர் பேச்சையே முற்றாக இழக்கிறார்களே, அப்படி நடப்பது எம்.எஸ். நோயில் அபூர்வம். பேசும் மொழியின் அமைப்பும் சொற்களின் பொருளும் பெரும்பாலும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. எடுத்துவரும் வழிதான் தாமதிக்கிறது. நல்ல களஞ்சியம், கதவு மெதுவாகத் திறக்கிறது. அவ்வளவுதான்.

இப்போது அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். யாஸீன் ஓத முடிந்தவருக்குத் திருவலை என்று சொல்ல ஏன் முடியவில்லை?

சிறு வயதில் மனனமிட்டு ஆயிரம் முறை ஓதிய சூறா ஒரு தொடர்ச் சங்கிலி போன்றது. ஒரு வளையத்தை இழுத்தால் அடுத்தது தானே வரும். எண்களை வரிசையாகச் சொல்வதும், நாட்களின் பெயர்களைச் சொல்வதும், ஸலவாத்துச் சொல்வதும் இத்தகையவையே. ஆனால் சாதாரணப் பேச்சில் ஒவ்வொரு சொல்லையும் ஆயிரமாயிரம் சொற்களுக்குள் தேடிப் பொறுக்கியெடுத்து, உடனேயே பேச வேண்டும். அந்தத் தேடலுக்குத்தான் வேகம் வேண்டும். அந்த வேகத்தைத்தான் இந்நோய் குறைக்கிறது. ஆகவே ஓதலும் உண்மை, தடுமாற்றமும் உண்மை. நடிப்பு எதிலும் இல்லை.

இதைச் சொன்னபோது அந்தச் சகோதரர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் அவவை எத்தனை தரம் ஏசிப்போட்டன் மௌலவி" என்றார்.

காணி உறுதியும் ஒரு கண்ணீரும்

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று நடக்கவிருந்தது. அந்தச் சகோதரிக்கு உம்மா வழியில் வந்த சிறு காணித்துண்டு ஒன்று இருந்தது. இடம்பெயர்ந்து கிடந்த ஆண்டுகளில் பாழடைந்து, பற்றை வளர்ந்து, ஊர் திரும்பியபின் மீட்கப்பட்டது. அதை விற்பது பற்றிக் குடும்பத்தில் பேச்செழுந்தது. உறவினர் ஒருவர் சபையில் வைத்தே, "இவவுக்கு இப்ப நினைவு சரியில்லை. ஒரு சட்டியின்ர பேரே தெரியாது. நாங்களே முடிவெடுப்பம், இவ ஒப்பம் வைக்கட்டும்" என்றாராம். அவள் பதில் சொல்ல வாயெடுத்திருக்கிறாள். சொல் வரவில்லை. அழுகைதான் வந்தது. அழுகையையும் புத்தி பேதலித்ததற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள்.

என்னிடம் கேட்க வந்தபோது மார்க்கத்தின் நிலையைச் சொன்னேன். பேசவே முடியாத ஊமையின் சைகை, கொடுக்கல் வாங்கலில் வாய்ப்பேச்சைப் போன்றதே என்று இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் நூலில் உண்டு. உஸ்மானிய ஆட்சியில் தொகுக்கப்பட்ட மஜல்லா சட்ட நூலும் தனது எழுபதாவது விதியில் இதே கருத்தைச் சொல்கிறது. முற்றிலும் ஊமையானவருக்கே இந்த உரிமை என்றால், நேரமெடுத்துப் பேசக்கூடியவரின் நாவை யார் பறிப்பது? பொறுப்புக்கு அடிப்படை அறிவு. நாவின் வேகம் அறிவின் அளவுகோலாகாது. அன்று அவளுக்குக் கடதாசியும் பேனையும் கொடுத்தோம். அவசரப்படாமல் எழுதினாள்: "விற்க விருப்பமில்லை. என் பிள்ளைகளுக்கு." அவ்வளவுதான். சபை அடங்கியது.

அல்குர்ஆனைத் திறந்து பாருங்கள். ஸக்கரிய்யா (அலை) அவர்கள் மூன்று நாட்கள் மனிதருடன் சைகையால் மாத்திரமே பேசினார்கள். மர்யம் (அலை) அவர்கள் மக்களின் ஏச்சுக்கு முன் நின்றபோது வாய் திறவாமல் குழந்தையைச் சுட்டிக் காட்டினார்கள். மூஸா (அலை) அவர்கள் தமது நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி இறைவனிடம் இறைஞ்சினார்கள். தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூனைத் (அலை) துணைக்குக் கேட்டார்கள். நாவு தடுமாறியதால் மூஸா (அலை) அவர்களின் நுபுவ்வத் குறையவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு துணை. ஹாரூன் (அலை) துணை நின்றார்கள். மூஸாவின் (அலை) இடத்தைப் பறிக்கவில்லை. நோயாளி இருக்கும் வீட்டில் கணவனும் பிள்ளைகளும் மாமியும் எடுக்க வேண்டிய பாடம் இதுதான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

அந்தச் சகோதரியின் வீட்டில் பலன் தந்தவற்றையும், வைத்தியத் துறையினர் பொதுவாகச் சொல்பவற்றையும் சேர்த்துத் தருகிறேன்.

முதலாவது, காத்திருங்கள். அவர் சொல் தேடும்போது முந்திக்கொண்டு நீங்கள் முடிக்காதீர்கள். உதவி வேண்டுமா என்று கேட்டு, அவர் தலையசைத்தால் மாத்திரம் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துக் காத்திருப்பதும் ஒரு ஸதக்கா.

இரண்டாவது, பெயர் வராவிட்டால் சுற்றி வரச் சொல்லுங்கள். எதற்குப் பயன்படுவது, எங்கே இருப்பது, என்ன நிறம் என்று சொல்லிக்கொண்டு போகையில் பெயர் தானே வந்து விழுவதுண்டு. கையால் காட்டுவதும் எழுதிக் காட்டுவதும் வெட்கமல்ல.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள். டீவி ஓட, பிள்ளைகள் கத்த, மாமி ஒன்று கேட்க, கணவன் ஒன்று கேட்க நின்றால் நல்ல சுகமுள்ளவருக்கே சொல் வராது.

நான்காவது, சூட்டையும் களைப்பையும் கவனியுங்கள். உடல் சூடாகும்போது இந்நோயின் குறிகள் தற்காலிகமாகக் கூடும். இதை 1890 இலேயே ஊட்ஹோஃப் என்னும் ஜெர்மன் கண் வைத்தியர் கவனித்தார். எமது சித்திரை வைகாசி வெய்யிலில், மத்தியானம் அடுப்படியில் நின்று வியர்த்த பின் பேச்சு அதிகம் குழறினால் பயப்படாதீர்கள். நிழலில் இருத்தி, குளிர்ந்த நீர் கொடுத்து, இளைப்பாற விடுங்கள். உடல் ஆறியதும் பேச்சும் ஆறும். முக்கியமான பேச்சுகளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் புதிய குறி தோன்றி ஒரு நாளுக்கு மேல் மாறாமல் நின்றால் வைத்தியரிடம் போக வேண்டும்.

ஐந்தாவது, மனம் சோர்ந்தாலும் சொல் சோரும். கவலை நோயும் இவர்களுக்கு அடிக்கடி வருவதுண்டு. அதற்கும் சிகிச்சை உண்டு. ஒளிக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஆறாவது, பேச்சுப் பயிற்சி. பேச்சு, மொழிச் சிகிச்சையாளர்களைக் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடம் பட்டம் கொடுத்து உருவாக்குகிறது. தமிழில் பயிற்சி தரக்கூடியவர்கள் போதாது என்பது எமது குறை. சொல் தேடும் பயிற்சியைப் பிற மொழியில் செய்து பயனில்லை. உம்மா சொல்லித் தந்த மொழியில்தான் செய்ய வேண்டும். இதை உணர்ந்தவர்கள் எமது குடாநாட்டில் அன்றே இருந்தார்கள். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் கிறீன் 1847 இல் இலங்கை வந்து, மானிப்பாயில் வைத்தியம் கற்பித்தார். 1860களில் அதைத் தமிழிலேயே கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். ஷார்கோ பாரிஸில் இந்நோயைப் பற்றி விரிவுரை செய்த அதே காலத்தில், இங்கே மானிப்பாயில் தமிழில் வைத்தியம் ஓதப்பட்டது! இன்று உயர்தரம் படிக்கும் எமது பெண்பிள்ளைகள் இந்தத் துறையை ஏன் நினைத்துப் பார்க்கக் கூடாது? ஒரு தாயின் சொல்லை மீட்டுக் கொடுப்பது எவ்வளவு பெரிய நன்மை!

இபாதத்தும் சிகிச்சையும்

"தொழுகையில் பாத்திஹா இழுபடுகிறது, கூடுமா?" என்று அந்தச் சகோதரி எழுதிக் கேட்டாள். குர்ஆனைச் சிரமப்பட்டுத் தடுமாறி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. மெதுவாக, மூச்செடுத்து, முடிந்த அளவு நாவை அசைத்து ஓதினால் போதும். நிற்க முடியாவிட்டால் இருந்தும், இருக்க முடியாவிட்டால் சாய்ந்தும் தொழும் சலுகை இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களின் ஹதீஸில் உண்டு. நோன்பு பற்றி, மருந்து நேரத்தையும் உடல் நிலையையும் அறிந்த வைத்தியரிடம் கேட்டு, பின் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். சலுகையை ஏற்பதும் இபாதத்தே.

ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. நானே ஓதிக் கொடுத்தேன். ஆனால் மருந்து செய்துகொள்ளும்படி ஏவியவர்களும் நபி (ஸல்) அவர்களே. இந்நோயை வேரோடு மாற்றும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் 1993 முதல் ஒன்றன்பின் ஒன்றாக வந்துள்ளன. நேரத்தோடு தொடங்கினால் பலன் அதிகம். தாய்மை பற்றிய பயமும் பலருக்கு உண்டு. ஐரோப்பாவின் 12 நாடுகளில் செய்யப்பட்டு 1998 இல் வெளியான ஆய்வொன்று, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல் குறைவதாகவும், பிள்ளை பிறந்தபின் முதல் மூன்று மாதங்களில் கூடுவதாகவும் காட்டியது. மூத்த பிள்ளை பிறந்து இரண்டு மாதத்தில் எமது சகோதரியின் கண் மங்கியதை நினைத்துப் பாருங்கள். பிள்ளைப்பேறு இவர்களுக்குத் தடையல்ல. ஆனால் வைத்தியருடன் முன்கூட்டியே பேச வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டில் அந்த மூன்று மாதமும் தாய்க்கு ஓய்வும் துணையும் வேண்டும்.

அண்மையில் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அயலிலுள்ள சிறு பிள்ளைகள் நாலைந்து பேருக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறாள். ஓதலில் அவள் நாவு தடுமாறவில்லை. தேநீர் கொண்டுவந்த கணவரிடம் ஏதோ கேட்க வாயெடுத்தாள். சொல் வரவில்லை. அவர் தட்டுடன் அப்படியே நின்றார். ஏசவில்லை, முந்தவில்லை. பிள்ளைகளும் ஓதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தன. சற்றுப் பொறுத்து, "சீனி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சகோதரிகளே! உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒரு பெண் பேச்சில் தடுமாறினால் அவளுக்குப் புத்தியில்லை என்று சொல்லிவிடாதீர்கள். வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். நாவுகளின் முடிச்சுகளை அவிழ்ப்பவனாகிய அல்லாஹ், நோயுற்ற எமது சகோதரிகள் அனைவருக்கும் ஷிஃபாவையும், அவர்களைச் சூழ்ந்திருக்கும் எமக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.